வாடகை பாதியானது, மிச்சம் எங்கே போனது?

நியூ ஜெர்சியை விட்டு ஓஹாயோ மாநிலத்துச் சின்சினாட்டிக்குப் போகிறோம் என்றதும் எங்களை வாழ்த்தாதவர் இல்லை. ஜெர்சி சிட்டி வாடகையில் பாதிக்கு அங்கே விசாலமான வீடு கிடைக்கும் என்றார்கள். ஊருக்கு ஊர் வாழ்க்கைச் செலவை ஒப்பிட்டுச் சொல்லும் இணையதளங்களும் அதற்கு ஒத்து ஊதின. என் கணவரின் நிறுவனமும் அதே தளங்களைப் பார்த்திருக்க வேண்டும். மாற்றல் உத்தரவோடு சம்பளத்தையும் ஊருக்கேற்ப இறக்கிக் கொடுத்தது. பிடித்தம் போகக் கைக்கு வரும் தொகையில் மாதம் 800 டாலர் குறைந்தது. நான் வீட்டிலிருந்தே வேறொரு நிறுவனத்துக்கு வேலை பார்ப்பவள் என்பதால் என் சம்பளம் தப்பியது.

எங்கள் வீட்டில் கணக்கு எழுதுவது நான். பழைய ஊரின் நோட்டும் புது ஊரின் நோட்டும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இங்கே வரும் வீட்டுத் தொகைகள் அவற்றிலிருந்து எடுத்தவை; உங்கள் வீட்டில் வேறாக இருக்கும். ஆனால் அந்த நோட்டுகள் எனக்குக் காட்டிய ஒரு விஷயம் எந்த வீட்டுக்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன். சம்பளக் குறைப்பு வீட்டின் மொத்தச் செலவின் மீதும் வந்து விழுகிறது. ஊரின் மலிவோ ஒன்றிரண்டு செலவு இனங்களில் மட்டும் கிடைக்கிறது.

சின்சினாட்டி பெரிய ஊர் இல்லை. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நகர எல்லைக்குள் 3,09,317 பேர். புறநகர்களையும் சேர்த்தால்தான் இருபது லட்சத்தைத் தாண்டும். புராக்டர் அண்டு கேம்பிளும் குரோகரும் தலைமையகம் வைத்திருக்கும் ஊர். ஓஹாயோ ஆற்றைத் தாண்டினால் கென்டக்கி மாநிலம். விமான நிலையம்கூட அந்தக் கரையில்தான் இருக்கிறது. இந்தியக் குடும்பங்கள் பெரும்பாலும் வடக்கே மேசன், வெஸ்ட் செஸ்டர் பக்கம் குடியிருக்கின்றன. பள்ளிக்கூடம்தான் காரணம்.

முதலில் வாடகை. ஜெர்சி சிட்டியில் ஜர்னல் ஸ்கொயர் பக்கம் ஒரு படுக்கையறை வீட்டுக்கு 2,850 டாலர் கொடுத்துக்கொண்டிருந்தோம். இங்கே இரண்டு படுக்கையறை 1,650. மிச்சம் 1,200. சம்பளத்தில் போன 800-ஐக் கழித்தால் 400 டாலர் கையில் நிற்க வேண்டும். நிற்கவில்லை. அங்கே பழைய கட்டடம். வெந்நீரும் குளிர்காலச் சூடும் வாடகைக்குள் அடக்கம். இங்கே 1,650 என்பது வெறும் சுவர்களுக்கான விலை. தண்ணீர், கழிவுநீர், குப்பை அள்ளும் கட்டணம், பூச்சி மருந்துக் கட்டணம், அப்புறம் மின்சாரம், எரிவாயு. பழைய ஊரின் மின்கட்டணத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் ஆண்டுச் சராசரியாக மாதம் 210 டாலர் கூடுதல். வீடு பார்க்கப் போகும்போது வாடகை எவ்வளவு என்று கேட்பதோடு நிற்காமல், "போன மாதம் இதே மாதிரி வீட்டில் இருப்பவர் உங்களுக்கு மொத்தமாக எவ்வளவு கட்டினார்?" என்று கேளுங்கள். அலுவலகத்தில் இருப்பவர் ஒரு கணம் தயங்குவார், பிறகு சொல்லிவிடுவார்.

அடுத்தது கார். சின்சினாட்டிக் கணக்கில் எல்லாவற்றையும் விழுங்குவது இதுதான். ஜெர்சி சிட்டியில் எங்களுக்கு ஒரு கார். அதுவும் வார இறுதியில் எடிசன் போய்ச் சாமான் வாங்க. கணவர் பாத் ரயிலில் வேலைக்குப் போய்வந்தார். இங்கே நகர மையத்தில் டிராம் ஓடுகிறது, 2020-லிருந்து டிக்கெட்டே கிடையாது. ஆனால் அது நகர மையத்தைச் சுற்றிவருகிறது, நாங்கள் குடியிருக்கும் பக்கம் எட்டிப் பார்க்காது. குழந்தையைக் காப்பகத்தில் விட ஒரு கார், அவர் வேலைக்குப் போக ஒரு கார். இரண்டாவது காருக்குக் கடன் தவணை, காப்பீடு, பெட்ரோல், பராமரிப்பு எல்லாம் சேர்ந்து மாதம் 585 டாலர் வந்து நின்றது. இது பழைய காருக்கு. புதுக் காருக்கு ஒரு வருடத்துக்கு ஆகும் சராசரிச் செலவு, மதிப்புத் தேய்மானம் உட்பட, 12,297 டாலர் என்று அமெரிக்க மோட்டார் சங்கமான ஏ.ஏ.ஏ. 2024-இல் கணக்கிட்டது. மாதத்துக்கு ஆயிரம் டாலருக்கு மேல். தவணையை மட்டும் பார்த்துக் கார் வாங்குகிறவர்கள் இந்த எண்ணை ஒரு தாளில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டிவைக்கலாம்.

தள்ளிப் போனால் வாடகை இன்னும் குறையும் என்று ஆசை வரும். அதற்கு ஒரு அளவுகோல் வைத்திருக்கிறேன். தொழிலுக்காகக் கார் ஓட்டுபவர்கள் மைலுக்கு இவ்வளவு செலவு காட்டலாம் என்று அமெரிக்க வருமான வரித்துறை ஒவ்வோர் ஆண்டும் ஒரு தொகையை அறிவிக்கும். 2025-க்கு அது 70 சென்ட். வீட்டிலிருந்து அலுவலகத்துக்குப் போய்வரும் செலவுக்கு வரிச் சலுகை கிடையாது, ஆனாலும் அளந்து பார்க்க நல்ல கோல். எங்கள் வீட்டிலிருந்து நகர மையம் சுமார் 22 மைல். போக வர 44 மைல், நாளொன்றுக்கு 30 டாலர் 80 சென்ட். மாதத்தில் இருபது நாள் போனால் 616 டாலர். வாடகை 300 டாலர் குறைகிறதென்று இன்னும் பத்து மைல் தள்ளிப் போனால், தினமும் 20 மைல் கூடி மாதம் 280 டாலர் சாலையில் போய்விடும். மிஞ்சுவது 20 டாலரும், ஐ-71 நெடுஞ்சாலையில் முன்னால் நிற்கும் லாரியின் பின்புற விளக்கும். அவர் வாரத்தில் மூன்று நாள்தான் அலுவலகம் போகிறார் என்பதால் எங்களுக்குத் தாங்குகிறது. ஐந்து நாள் போகிறவர் என்றால் நகரத்துக்குப் பக்கத்திலேயே கூடுதல் வாடகை கொடுத்து இருங்கள் என்றுதான் சொல்வேன்.

கார் வாங்கும்போது இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. ஓஹாயோவில் காருக்கான விற்பனை வரி கடை இருக்கும் கவுன்டியை, நம்மூர் வழக்கில் மாவட்டத்தை, பொறுத்தது இல்லை. நீங்கள் குடியிருக்கும் கவுன்டியைப் பொறுத்தது. சின்சினாட்டி இருக்கும் ஹாமில்டன் கவுன்டியில் 7.8 சதவீதம். எங்கள் வாரன் கவுன்டியில் 6.75. 25,000 டாலர் காருக்கு 262 டாலர் வித்தியாசம். வீடு மாறப் போகிறீர்கள், காரும் வாங்க வேண்டும் என்றால் எதை முதலில் செய்வது என்று யோசிக்கலாம்.

பெட்ரோலுக்கு இந்த ஊர்க்காரர்கள் கைக்கொள்ளும் ஒரு வித்தை இருக்கிறது. குரோகர் கடையில் ஒரு டாலருக்குச் சாமான் வாங்கினால் ஒரு புள்ளி. 100 புள்ளிக்கு ஒரு காலன் பெட்ரோலுக்கு 10 சென்ட் தள்ளுபடி, 1,000 புள்ளி சேர்ந்தால் காலனுக்கு ஒரு டாலர், ஒரே தடவையில் 35 காலன் வரை. பரிசு அட்டைகளுக்கு இரண்டு மடங்கு புள்ளி, சில வாரங்களில் நான்கு மடங்கு. எப்படியும் வேறு கடையில் வாங்கப் போகிற பொருளுக்கு, அந்தக் கடையின் பரிசு அட்டையைக் குரோகரில் நான்கு மடங்கு வாரத்தில் வாங்கிவிட வேண்டியது. 35 காலன் ஒரு காரில் கொள்ளாது. ஆகவே சனிக்கிழமை காலையில் இரண்டு கார்களையும் ஒரே பம்பின் இரு பக்கமும் நிறுத்தி, ஒன்று நிரம்பியதும் குழாயைத் திரும்ப மாட்டாமல் அப்படியே அடுத்ததற்கு நீட்டுவோம். பக்கத்துப் பம்பில் இன்னொரு தம்பதி அதையே செய்துகொண்டிருப்பார்கள். ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்துக்கொள்வோம்.

இனி வரி. நியூ ஜெர்சியில் நகரத்துக்கென்று சம்பள வரி கட்டியதில்லை. ஓஹாயோவில் மத்திய அரசுக்கும் மாநிலத்துக்கும் கட்டியது போக நகராட்சியும் சம்பளத்தில் பங்கு கேட்கும். சின்சினாட்டியில் அது 1.8 சதவீதம். முன்பு 2.1 ஆக இருந்தது. 2020-இல் பஸ் சேவைக்காக ஹாமில்டன் கவுன்டியின் விற்பனை வரியில் 0.8 கூட்ட வாக்காளர்கள் சம்மதித்தார்கள். அதனால் பஸ்ஸுக்கென்று சம்பளத்தில் பிடித்துவந்த 0.3-ஐ நகரம் விட்டுக்கொடுத்தது. நகரத்துக்குள் குடியிருக்காவிட்டாலும், அங்கே வேலை பார்த்தால் இந்த 1.8 பிடிக்கப்படும். நீங்கள் குடியிருக்கும் நகராட்சியும் தன் பங்குக்கு ஒரு வரி வைத்திருக்கலாம். வேலை பார்க்கும் நகரத்தில் கட்டியதை எவ்வளவு தூரம் கழித்துக்கொள்ள விடும் என்பது ஊருக்கு ஊர் மாறும்.

இதில் எங்களுக்குக் கண் திறந்தவர் கோயிலில் பழக்கமான மதுரைக்கார அக்கா ஒருவர். வீடு தேடிக்கொண்டிருந்த சமயம். "முகவரியில் மேசன் என்று போட்டிருந்தால் மேசன் நகரத்துக்குள் இருக்கிறது என்று நம்பிவிடாதே. அது தபால்காரருக்கான பெயர். டவுன்ஷிப்பா என்று கேள்" என்றார். டவுன்ஷிப் என்பது எந்த நகராட்சியிலும் சேராத உள்ளாட்சிப் பகுதி. ஓஹாயோ சட்டப்படி டவுன்ஷிப்கள் தாமாகச் சம்பள வரி போட முடியாது. மேசனை ஒட்டிய டியர்ஃபீல்டு டவுன்ஷிப்பில் ஏராளமான வீடுகளுக்கு மேசன் என்றே தபால் முகவரி. அவற்றில் பெரும்பகுதி மேசன் பள்ளி மாவட்டத்தில் அடங்கும். ஆக, பள்ளி கிடைக்கும், நகரச் சம்பள வரி கிடையாது. சாலையின் ஒரு பக்கம் நகரம், மறு பக்கம் டவுன்ஷிப் என்றெல்லாம் உண்டு. சொத்துப் பதிவுகளை வைத்திருக்கும் கவுன்டி ஆடிட்டரின் இணையதளத்தில் வீட்டு எண்ணைப் போட்டால் எந்த வரி எல்லை, எந்தப் பள்ளி மாவட்டம் என்று வந்துவிடும். வீடு காட்டுபவர் சொல்வதைவிட அது நம்பகமானது. டியர்ஃபீல்டில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் எனக்கு நகர வரியே இல்லை.

கணவருக்குச் சின்சினாட்டி வரி பிடிக்கிறார்கள், ஆனால் வாரத்தில் இரண்டு நாள் அவர் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறார். நகரத்துக்கு வெளியே குடியிருப்பவர் நகரத்துக்கு வெளியே இருந்து வேலை பார்த்த நாள்களுக்கான வரியைத் திரும்பக் கேட்கலாம். பெருந்தொற்றுக் காலத்தில் இதற்கு வழி இல்லை. தற்காலிகச் சட்டம் ஒன்று வீட்டில் செய்த வேலையையும் அலுவலகத்தில் செய்ததாகவே கொள்ளச் சொன்னது. அதை எதிர்த்து ஒருவர் சின்சினாட்டியின் மீது வழக்குப் போட்டு, 2024-இல் மாநில உச்ச நீதிமன்றம் நகரத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. ஆனால் அந்தத் தற்காலிகச் சட்டம் முடிந்த பின் வந்த நாள்களுக்குத் திரும்பக் கேட்கத் தடையில்லை. ஒரு லட்சம் டாலர் சம்பளம் என்றால் வரி 1,800. ஐந்தில் இரண்டு நாள் வீட்டில் என்றால் திரும்ப வரவேண்டியது 720. எந்தெந்த நாள் எங்கே வேலை பார்த்தீர்கள் என்ற பட்டியலும் நிறுவனத்தின் ஒப்புதலும் கேட்பார்கள். ஆகவே ஜனவரி முதல் நாளே ஒரு நாள்காட்டியைத் தனியாக வைத்து, வீட்டில் இருந்த நாளில் ஒரு சுழி போட்டுவாருங்கள். ஆண்டு முடிந்தபின் உட்கார்ந்து ஞாபகப்படுத்தி எழுதுவது நடக்கிற காரியமில்லை.

கென்டக்கிப் பக்கம் குடியேறினால் என்ன என்றும் பார்த்தோம். விற்பனை வரி மாநிலம் முழுக்க 6 சதவீதம். இரு மாநிலங்களுக்கும் உடன்பாடு இருப்பதால், சம்பளத்துக்குக் குடியிருக்கும் மாநிலத்துக்கு மட்டும் வருமான வரி கட்டினால் போதும். ஆனால் அங்கே காருக்கு ஆண்டுதோறும் சொத்து வரி உண்டு. வேலை சின்சினாட்டியில் என்றால் நகர வரியிலிருந்தும் தப்ப முடியாது. தினமும் ஆற்றுப் பாலத்தில் நெரிசல் வேறு. விட்டுவிட்டோம்.

மருத்துவச் செலவு எந்த ஊரிலும் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். இடம் மாறுகிறவர்களுக்கு அதில் தனியான ஓர் அடி இருக்கிறது. நிறுவனத்துக்குள்ளேயே மாற்றல் என்றாலும் கணவரின் பிரிவு வேறு துணை நிறுவனத்தின் கீழ் வந்ததால் காப்பீட்டுத் திட்டம் மாறியது. நாங்கள் வந்தது செப்டம்பரில். டிடக்டிபிள் என்பது காப்பீட்டு நிறுவனம் பணம் கொடுக்கத் தொடங்கும் முன் நாம் கைக்காசாகக் கட்டித் தீர்க்க வேண்டிய தொகை. எங்களுக்கு வருடத்துக்கு 3,000. பழைய திட்டத்தில் அதைப் பெரும்பாலும் கட்டித் தீர்த்திருந்தோம். புதுத் திட்டத்தில் பூஜ்யத்திலிருந்து தொடக்கம், ஜனவரியில் மறுபடியும் பூஜ்யம். மாற்றலுக்கு நிறுவனம் படி கொடுக்கிறது என்றால், லாரி வாடகையோடு இந்தத் தொகையையும் கேட்டுப் பாருங்கள். கேட்டவர்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

நவம்பரில் மகன் விளையாட்டுத் திடலில் ஏணியிலிருந்து விழுந்து முன்கை எலும்பில் விரிசல் விழுந்தது. ஞாயிறு மாலை. அவசரப் பிரிவுக்கு ஓடினோம். குழந்தையை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். அதன் பிறகு வீட்டுக்கு உறைகள் வரத் தொடங்கின. மருத்துவமனைக் கட்டடத்துக்கு ஒன்று, பார்த்த மருத்துவருக்கு ஒன்று, எக்ஸ்ரேயைப் படித்துச் சொன்ன கதிரியக்க மருத்துவருக்கு ஒன்று. இவற்றுக்கு நடுவே காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து, "இது பில் அல்ல" என்று தலைப்பிட்ட தாள்கள். அந்தத் தாளைக் குப்பையில் போடக் கூடாது. பில்லில் இருக்கும் தொகையும் அந்தத் தாளில் "நீங்கள் கட்ட வேண்டியது" என்று இருக்கும் தொகையும் ஒன்றாக இருந்தால் மட்டுமே பணம் கட்ட வேண்டும்.

எங்களுக்கு ஒன்றாக இல்லை. மருத்துவமனை எங்கள் காப்பீட்டின் வலைப்பின்னலுக்குள், அதாவது காப்பீட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் உள்ளவர்களின் பட்டியலுக்குள், இருந்தது. எக்ஸ்ரேயைப் படித்தவர் அதற்கு வெளியே. அவருடைய பில் 410 டாலர். எதிர்பாராத பில்களைத் தடுக்கும் மத்தியச் சட்டம் ஒன்று 2022 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. நோ சர்ப்ரைசஸ் ஆக்ட் என்று பெயர். அவசரச் சிகிச்சையில் நம்மைக் கேளாமல் வலைப்பின்னலுக்கு வெளியே இருப்பவர் கைபட்டால், உள்ளே இருப்பவருக்கு என்ன பங்கு கட்டுவோமோ அதற்குமேல் நம்மிடம் கேட்கக் கூடாது. காப்பீட்டு நிறுவனத்தைத் தொலைபேசியில் பிடித்து, அந்தச் சட்டத்தின் பெயரைச் சொல்லி, பில்லை மறுபரிசீலனைக்கு அனுப்பச் சொன்னேன். நீண்ட காத்திருப்பு இசைக்குப் பின் பேசிய பெண், சட்டத்தின் பெயரைக் கேட்டதும் குரலை மாற்றிக்கொண்டார். எங்கள் பங்கு 96 டாலராக இறங்கியது. மருத்துவமனையிடம் ஒவ்வொரு பொருளாகப் பிரித்துக் காட்டும் பில் கேட்டேன். அதில் ஒரே மணிக்கட்டுப் பட்டை இரண்டு முறை ஏறியிருந்தது. அதையும் எடுத்தார்கள். மீதியை வட்டியில்லாத் தவணையில் கட்டினோம். தவணை வேண்டும் என்று கேட்டால் கொடுக்கிறார்கள். கேட்காதவருக்கு யாரும் சொல்வதில்லை. ஒன்று நினைவிருக்கட்டும்: சாலையில் வரும் ஆம்புலன்ஸ் இந்த மத்தியச் சட்டத்தில் அடங்காது.

இப்போது குளிர்பதனப் பெட்டியின் கதவில் உயிருக்கு ஆபத்தில்லாத அவசரங்களைப் பார்க்கும் இரண்டு அர்ஜென்ட் கேர் மையங்களின் முகவரி ஒட்டியிருக்கிறது. எக்ஸ்ரே இருக்கிறதா, ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணி வரை, எங்கள் காப்பீட்டை ஏற்கிறார்களா என்று முன்பே கேட்டு எழுதியது. உயிருக்கு ஆபத்தில்லாத எதற்கும் முதலில் அங்கேதான் போகிறோம்.

குளிர்காலக் கட்டணத்துக்கு வருகிறேன். இங்கே மின்சாரமும் எரிவாயுவும் டியூக் எனர்ஜி வழியாக வருகின்றன. கம்பி அவர்களுடையது, ஆனால் அதில் ஓடும் மின்சாரத்தை வேறு நிறுவனத்திடமும் வாங்கலாம் என்பது ஓஹாயோவின் ஏற்பாடு. இதனால் கழுத்தில் அட்டை தொங்கவிட்ட இளைஞர்கள் கதவைத் தட்டுவார்கள். "உங்கள் கட்டணத்தைக் குறைக்கப் போகிறோம், பில்லைக் கொஞ்சம் காட்டுங்கள்" என்பார்கள். பில்லில் அவர்களுக்கு வேண்டியது வாடிக்கையாளர் எண். அது கிடைத்தால் உங்களை மாற்றிவிட முடியும். கதவில் பில்லைக் காட்டாதீர்கள். மாநிலப் பொதுப் பயன்பாட்டு ஆணையம் எல்லா நிறுவனங்களின் விலையையும் ஆப்பிள்ஸ் டு ஆப்பிள்ஸ் என்ற இணையப் பட்டியலில் வெளியிடுகிறது. உங்கள் பில்லிலேயே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய விலை என்று ஓர் எண் அச்சாகியிருக்கும். அதைவிடக் குறைவா, நிலையான விலையா, ஒப்பந்தம் முடிந்ததும் விலை என்ன ஆகும், நடுவில் விலகினால் அபராதம் உண்டா என்று பார்த்துவிட்டு நாமே மாறிக்கொள்ளலாம். ஒப்பந்தம் முடியும் தேதியைக் கைபேசியில் குறித்துவைக்க வேண்டும். அந்தத் தேதிக்குப் பிறகு விலை தன்னிஷ்டத்துக்கு ஏறும் திட்டங்கள் பல.

மளிகை பற்றி நீட்ட ஒன்றுமில்லை. வீட்டுக்கு வாங்கிப்போகும் உணவுப் பொருளுக்கு நியூ ஜெர்சி, ஓஹாயோ இரண்டிலும் விற்பனை வரி கிடையாது. உடைக்கு நியூ ஜெர்சியில் வரி இல்லை, இங்கே உண்டு. ஆல்டியில் பாலும் முட்டையும் வாங்குகிறோம். தள்ளுவண்டிக்கு ஒரு கால் டாலர் நாணயம் கையில் இருக்க வேண்டும். அரிசி, உளுந்து, உறைய வைத்த தேங்காய்த் துருவல் எல்லாம் எடிசனில் வாங்கிய விலையைவிடக் கொஞ்சம் கூடுதல். கடைகள் குறைவு, போட்டியும் குறைவு. 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 50 சதவீதச் சுங்கவரி போட்டபின் மூட்டை மேலிருந்த விலைச் சீட்டுகள் புதிதாயின. ஃபேர்ஃபீல்டில் ஜங்கிள் ஜிம்ஸ் என்றொரு பிரம்மாண்டமான கடை இருக்கிறது. உலகத்துச் சாமானெல்லாம் கிடைக்கும். விருந்தாளிகளைக் கூட்டிப்போக நல்ல இடம். பட்டியல் இல்லாமல் போனால் நூறு டாலர் தானாகக் கரையும்.

வெளியே சாப்பிடுவதில் ஓஹாயோவுக்கென்று ஒரு வசதி உண்டு. உட்கார்ந்து சாப்பிட்டால் விற்பனை வரி, கட்டி எடுத்துப்போனால் வரி இல்லை. குளிர்பானத்துக்கு மட்டும் உண்டு. உட்கார்ந்தால் டிப்ஸும் சேரும். பரிமாறுபவருக்கு 2025-இல் மாநிலக் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 5 டாலர் 35 சென்ட்தான், மற்றவர்களுக்கு 10.70. டிப்ஸ் கொடுத்துத்தான் ஆக வேண்டும். கொடுக்க மனமில்லாத நாளில் தோசையைக் கட்டி வாங்கிவந்துவிடுவது மரியாதை.

இப்போது நோட்டுக்குத் திரும்புகிறேன். வாடகையில் மிஞ்சிய 400-இல் வீட்டுக் கட்டணங்கள் 210-ஐயும் இரண்டாவது கார் 585-ஐயும் எடுத்துக்கொள்ள, 395 டாலர் பற்று. இதை ஈடுகட்டியவை மூன்று. நியூ ஜெர்சியைவிட இங்கே கார் காப்பீடு மலிவு, பழைய காருக்கு மாதம் 90 குறைந்தது. ரயில் பாஸ் 110 மிச்சம். குழந்தைக் காப்பகம் அங்கே 1,900, இங்கே 1,450, அதில் 450. எல்லாம் கூட்டிக் கழித்து மாதம் 255 டாலர் லாபம். ஒப்பீட்டுத் தளங்கள் காட்டிய எண்ணோடு இதை வைத்துப் பார்த்து நாங்கள் இருவரும் சிரித்துவிட்டோம்.

அந்த 255-உம் நிலைக்கவில்லை. மகனுக்கு மூன்று வயது நிறைந்தபோது ஜெர்சி சிட்டித் தோழியிடம் பேசிக்கொண்டிருந்தேன். அவள் மகனை அரசுப் பள்ளியின் மழலையர் வகுப்பில் சேர்த்திருக்கிறாள், கட்டணம் இல்லை. நியூ ஜெர்சியின் பள்ளி நிதி வழக்கில் 1998-இல் வந்த தீர்ப்பை அடுத்து, குறிப்பிட்ட நகரங்களில் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்கு அரசே வகுப்பு நடத்துகிறது. ஜெர்சி சிட்டி அவற்றில் ஒன்று. பள்ளி நேரம் மட்டும்தான், மாலைக்கு வேறு ஏற்பாடு வேண்டும், பக்கத்துப் பள்ளியிலேயே இடம் கிடைக்கும் என்று உறுதியில்லை. ஆனாலும் 1,450 எங்கே, மாலை நேரக் கட்டணம் எங்கே. ஓஹாயோவில் அப்படி எல்லோருக்குமான ஏற்பாடு இல்லை. சின்சினாட்டி பள்ளி மாவட்ட எல்லைக்குள் வருமானத்தைப் பொறுத்து உதவும் திட்டம் ஒன்று இருக்கிறது. நாங்கள் எல்லைக்கு வெளியே. இப்போதைக்கு நாங்கள் செய்வது, காப்பகச் செலவுக்கென்று வரிக்கு முன்பே சம்பளத்தில் ஒதுக்கும் கணக்கை நிரப்பிவைப்பது. அதன் உச்ச வரம்பு ஆண்டுக்கு 5,000 ஆக இருந்தது, 2026 முதல் 7,500. எந்த ஒப்பீட்டுத் தளத்திலும் மழலையர் பள்ளி என்று ஒரு கட்டம் கிடையாது. கைக்குழந்தையோடு ஊர் மாறுகிறவர்கள் போகிற ஊரிலும் விட்டுப்போகிற ஊரிலும் அரசு எந்த வயதில் குழந்தையை ஏற்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

இன்னொரு பகுதிச் செலவு எந்த ஊருக்குப் போனாலும் அசையாதது. திருச்சிக்கு மாதாமாதம் அனுப்பும் பணம். மாமனாரின் மருந்து விலை நாங்கள் சின்சினாட்டிக்கு வந்ததால் குறையவில்லை. இந்தியப் பயணத்துக்கு நியூ ஜெர்சியிலிருந்து நேரடி விமானம் உண்டு. இங்கிருந்து எங்காவது மாறித்தான் போக வேண்டும். 2023-லிருந்து பிரிட்டிஷ் ஏர்வேஸ் லண்டனுக்குப் பறப்பதால் ஒரே மாற்றத்தில் சென்னை போய்ச் சேரலாம். சிகாகோ வரை காரில் போய் ஏறினால் டிக்கெட் மலிவாகிறதா என்று ஒவ்வொரு முறையும் கணக்குப் போடுவோம்; பெட்ரோலும் நிறுத்தக் கட்டணமும் சேர்த்தால் பெரும்பாலும் ஆவதில்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, ஏன் திரும்பிப் போகவில்லை என்று தோழி கேட்டாள். என் மகனுக்கு ஒரு அறை இருக்கிறது. என் மேசை சமையலறையை விட்டு வெளியே வந்துவிட்டது. ஓஹாயோவில் குடியிருக்கும் எவருக்கும் இலவசமாக அட்டை தரும் அருமையான நூலகம் இருக்கிறது. பணம் மிஞ்சும் என்று இந்த அளவுள்ள ஊருக்கு வரச் சொல்ல மாட்டேன். அதே பணத்துக்கு இடம் கூடுதலாகக் கிடைக்கும் என்றால் உண்மை.

கடைசியாக வாடகை ஒப்பந்தம். ஓஹாயோவில் முன்பணத்துக்கு உச்ச வரம்பு கிடையாது. ஆனால் காலி செய்து சாவியைக் கொடுத்த 30 நாளுக்குள், பிடித்தம் எதற்கென்று பட்டியலிட்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும். தவறினால் அநியாயமாகப் பிடித்த தொகையைப் போல் இரு மடங்கு கேட்க வழி உண்டு. அதற்குப் போகும் இடத்தின் முகவரியை எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும். வாயால் சொன்னது செல்லாது. குடிபுகும் அன்றே அலமாரிக்குள், அடுப்புக்குப் பின்னால், கம்பளத்தின் மூலை வரை படம் எடுத்து அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பிவைத்தால் தேதியோடு சாட்சி கிடைத்துவிடும்.

வாடகை உயர்வுக்கும் வரம்பு கிடையாது. நகரங்கள் தாமாக வாடகைக் கட்டுப்பாடு போடக் கூடாது என்று 2022-இல் மாநிலம் சட்டமே இயற்றிவிட்டது. ஒப்பந்தம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போது எங்களுக்குக் கடிதம் வந்தது: 1,650 இனி 1,795. அன்று மாலையே அதே வளாகத்தின் இணையதளத்தைத் திறந்தேன். எங்களுடையதைப் போன்ற வீட்டைப் புதிதாக வருகிறவருக்கு 1,690-க்குக் காட்டியது. அதை அச்செடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். மேலாளர் திரையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, பன்னிரண்டு மாதத்துக்குப் பதில் பத்து மாத ஒப்பந்தம் என்றால் 1,700 வரை வரலாம் என்றார். பத்து மாதம் என்றால் ஜூனில் முடியும். ஆள் எளிதில் கிடைக்கும் பருவம். எங்களுக்கும் மகன் பள்ளிக்கு முன் வீடு மாற வேண்டியிருந்தால் ஜூன்தான் தோது. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.